தோட்டா மெஷினும் மூன்று ஸ்டூல்களும்

1

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள் என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும், "சும்மா துணி மடிப்போம்" என்றுதான் சொல்லி வருகிறேன். உண்மையையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஆம்பூரில் இருக்கும் என் தம்பியிடம் போனில், "தோட்டா செஞ்சிட்டு இருக்கோம்டா" என்றேன். 

"அக்கா, இன்னா சொல்ற? மாமாவுக்கு வேல போய்டுச்சா?"

"வேலை இருக்குடா. இது பொழுதுபோக்கு."

"பொழுது போகலன்னா எங்கயாவது வெளிய போங்களேன். நம்ம அமிர்தி மாதிரி மான், மயில் பாக்கற எடம் அங்க ஒண்ணும் இல்லியா?"

அன்று சாயங்காலமே எங்கள் தெருவில், விஜி அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள் என்று பேச்சாகிவிட்டது. தம்பி அதை மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும், அது இன்னும் பேஜார் என்று நினைத்திருக்கிறான். ஆகவே ஊரார் தெரிந்துகொள்ள நானே எழுதுகிறேன். நான் ராணுவத்தில் இல்லை. ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் ரொட்டி வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பாஸ்கர், நாட்றம்பள்ளிக்காரர், கம்ப்யூட்டரில் வேலை. ஒரே மகள் கீர்த்தனா. நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே பாதி வருஷம் பனி, மீதி வருஷம் பனியைப் பற்றிய பேச்சு. பொழுதுபோகாமல் கீர்த்தி ஒருநாள் தோழியோடு துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போய்விட்டு வந்து, தானும் சேர வேண்டும் என்றாள். நான் சண்டை போட்டேன். சாப்பிடாமல் படுத்தேன். இந்த நாட்டுச் செய்திகளைக் கேட்கிற எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். கடைசியில் நானே போய்ப் பார்த்தேன். தூரத்தில் வட்ட வட்டமாக இரும்புத் தகடுகள் நின்றிருந்தன. குறி பட்டால் டிங் என்று சத்தம், அவ்வளவுதான். திருவிழாவில் பலூன் சுடுவோமே, அதையே வாத்தியார் வைத்துக் கண்டிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். சரி என்றேன். துப்பாக்கி வைக்கிற பீரோச் சாவி மட்டும் என்னிடம்தான் இருக்கும் என்றேன். இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது.

மகளுக்குத் துணையாகப் போன பாஸ்கரும் சுடக் கற்றுக்கொண்டார். அவரால் தகடுகளுக்கு ஒரு ஆபத்தும் இல்லை.

2

சுட்டதும் கீழே விழுகிற பித்தளைக் கூட்டை இங்கே யாரும் எறிவதில்லை. பொறுக்கி வந்து, கழுவி, அதையே மறுபடி தோட்டாவாக்கலாம். எதிர்வீட்டுக்காரர் வெயில் தேடி வேறு மாநிலத்துக்குக் குடிபோனபோது அதற்கான பழைய பிரஸ் ஒன்றைப் பாஸ்கரிடம் விட்டுப் போனார். இரும்பில் ஒரு கைப்பிடி. ஒரு இழுப்புக்கு ஒரு வேலைதான் செய்யும். முதலில் எல்லாக் கூட்டையும் நெருக்கிப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அடியில் பிரைமர் வைக்க வேண்டும். அது நம் ஊர்ப் பொட்டு வெடி மாதிரி ஒரு துளி, அதில்தான் நெருப்புப் பிறக்கும். பிறகு வெடிமருந்து. கடைசியில் மேலே குண்டை உட்கார வைத்து அழுத்த வேண்டும்.

பாஸ்கர் தனியாகக் கராஜில் உட்கார்ந்து இந்த நாலு வேலைக்கும் எழுந்து எழுந்து அலைவதை ஒருநாள் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தவள். ஷூவின் மேல்பாகம் தைக்கிற லைன். அங்கே ஒருத்தி மடிப்பாள், ஒருத்தி பசை தடவுவாள், ஒருத்தி தைப்பாள், ஒருத்தி நூல் வெட்டுவாள். ஒருத்தியே எல்லாம் செய்தால் அது கம்பெனி இல்லை, செருப்புக் கடை. "எழுந்திருங்க" என்றேன். மூன்று ஸ்டூல் போட்டு லைன் அமைத்தேன்.

முதல் ஸ்டூலில் பாஸ்கர், கூட்டை நெருக்குவதற்கு. நடு ஸ்டூலில் கீர்த்தி, பிரைமர் வைப்பதற்கு. மூன்றாவதில் நான். வேலூர் லாங் பஜாரில் வாங்கி வந்த சின்னத் தராசு ஒன்று எங்களிடம் இருந்தது. இந்த ஊர் மின் தராசு சொல்வது சரிதானா என்று அதில் ஒருமுறை பார்த்துக்கொண்டு மருந்து போடுவேன். பிறகு ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். மருந்து இல்லாத தோட்டாவும் ஆபத்து, இரண்டு தடவை மருந்து விழுந்த தோட்டா அதைவிட ஆபத்து. நான் பாஸ் பண்ணிய பிறகுதான் குண்டு வைக்கப் பாஸ்கரிடம் திரும்பப் போகும். வெடித்த வாய், நசுங்கிய உடம்பு உள்ள கூடுகளைத் தோல் செலக்‌ஷன் மாதிரி பிரித்து ஒதுக்குவதும் என் வேலை. நான் ஒதுக்கியதைப் பாஸ்கர் கருமித்தனமாக எடுத்து மறுபடி டப்பாவில் போடுவார். நான் மறுபடி எடுத்து எறிவேன். இது எங்கள் தாம்பத்தியத்தில் பெரிய சண்டைகளில் ஒன்று.

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மாடியில் கீர்த்தியின் அறைக் கதவைத் தட்டி, ஸ்கூலில் என்ன நடந்தது என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்று பதில் வரும். சாப்பாட்டு மேஜையில் கேட்டால் அந்த ஒண்ணுமில்லையும் இங்கிலீஷில் வரும். கராஜில் அவள் கண்ணும் கையும் பிரைமரில் இருக்கும். நான் எதையும் கேட்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளாகவே பேச ஆரம்பிப்பாள். எந்தத் தோழி பேசவில்லை, எந்த டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பஸ்ஸில் ஒருத்தன் அவள் பெயரை எப்படிக் கொலை செய்தான், எல்லாம் வரும். தமிழிலேயே வரும். உடைந்த தமிழ்தான், இருந்தாலும் எனக்குப் போதும். வாரம் முழுக்க ரொட்டி வெட்டுகையில் நான் நினைத்துக்கொண்டிருப்பது அந்த நடு ஸ்டூலைத்தான்.

3

இந்த வருஷம் கீர்த்திக்கு ஒரெகான் மாநிலத்தில் காலேஜ் கிடைத்தது. நாட்டின் அந்தக் கோடி. பஸ்ஸில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிற தூரம் இல்லை. சந்தோஷப்பட்டோம், கேசரி கிண்டினோம், ஊருக்கெல்லாம் போன் போட்டோம். அடுத்த ஞாயிறு அவள் பிரைமர் வைக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அம்மா, நான் போனப்புறம் ரெண்டு பேரால இத பண்ண முடியாது. ப்ரோக்ரஸிவ் பிரஸ் வாங்கிடுங்க."

"அது இன்னாது?"

போனில் படம் காட்டினாள். ஒரு வட்டத் தட்டு, ஓரத்தில் சுற்றிலும் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கூடு நிற்கிறது. கைப்பிடியை ஒருதரம் இழுத்தால் ஒன்று நெருங்குகிறது, ஒன்றில் பிரைமர் ஏறுகிறது, ஒன்றில் மருந்து விழுகிறது, ஒன்றில் குண்டு உட்காருகிறது. விட்டால் தட்டு ஒரு குழி நகர்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் முடிந்த தோட்டா ஒன்று டப்பாவில் விழுகிறது. என் லைன் மொத்தத்தையும் யாரோ ஒரு பணியாரச் சட்டிக்குள் அடக்கி வைத்திருந்தார்கள். சூப்பர்வைசராக எனக்கு உடம்பு சிலிர்த்தது. கை தட்டலாம் போலிருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. பிரைமரை அதுவே எடுத்துக்கொள்கிறது. கீர்த்தி வேலை போயிற்று. மருந்து அளவு தப்பினால் பஸ்ஸர் அடிக்கிறது. டார்ச் அடிக்கிற என் வேலை போயிற்று. கேஸ் ஃபீடர் என்று ஒன்றைத் தனியாக வாங்கி மேலே மாட்டினால், கூடுகளைக் கொட்டிவிட்டால் போதும், குழாய் வழியாக ஒவ்வொன்றாக அதுவே இறக்கிக்கொள்ளும். மிச்சம் இருப்பது கைப்பிடி இழுக்கிற பாஸ்கர். அவருக்குப் பதிலாகவும் மோட்டார் விற்கிறார்கள்.

புது மெஷின் வந்தால் லைனில் ஆள் குறையும். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குறைகிற ஆளே கேட்லாக்கைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றதை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை.

"வாங்கலாம், வாங்கலாம். நல்லதா பாத்து வாங்கணும்" என்றேன். அவசரமில்லை என்பதை ஊரில் நாங்கள் இப்படித்தான் சொல்வோம்.

4

பார்க்க ஆரம்பித்தோம். பாஸ்கர் ராத்திரி பகலாக வீடியோ பார்த்தார். உலகத்தில் எத்தனை ஆண்கள் தங்கள் கராஜில் நின்றுகொண்டு கைப்பிடி இழுப்பதைப் படமெடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அவர்கள் மனைவிமார் மேல் பரிதாபம் வருகிறது. கடைசியில் மூன்று மெஷின் தேறின. தட்டின் குழிக் கணக்கில் நாலு ஸ்டேஷன், ஐந்து ஸ்டேஷன், எட்டு ஸ்டேஷன். பக்கத்து ஊரில் ஒரு பெரிய வேட்டைச் சாமான் கடையில் மூன்றும் இருந்தன. குடும்பத்தோடு போனோம்.

கடையில் தாடி வைத்த பையன் ஒருவன் நாலு ஸ்டேஷன் மெஷினைக் காட்டினான். தட்டைக் கையால் திருப்ப வேண்டும்.

"நடுவுல யாராச்சும் கூப்ட்டா திருப்பினமா இல்லியான்னு மறந்துடும். ஒரே கூட்ல ரெண்டு தபா மருந்து. ரிஜெக்ட்" என்றேன்.

அது நியாயமான காரணம். பாஸ்கரும் தலையாட்டினார். எட்டு ஸ்டேஷன் மெஷினைப் பார்த்தோம். அது வேலை செய்கிற அழகுக்குக் குறை சொல்ல வழியே இல்லை. குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன்.

"உயரம் ஜாஸ்தி. கராஜ்ல சைக்கிள் மாட்டற கொக்கில இடிக்கும்."

"கொக்கிய கழட்டிடலாம்" என்றார் பாஸ்கர்.

"சைக்கிள எங்க மாட்டுவீங்க?"

"நாம சைக்கிள் ஓட்டி எவ்ளோ வருஷம் ஆச்சு?"

"அதுக்குன்னு கழட்டிடுவீங்களா?"

மிச்சம் ஐந்து ஸ்டேஷன். தட்டு தானாகத் திரும்புகிறது, உயரமும் அளவாக இருக்கிறது. தாடிப் பையன் நம்பிக்கையோடு என்னைப் பார்த்தான். புது மெஷின் வாங்கும்போது ஆம்பூரில் நாங்கள் முதலில் கேட்பதை அவனிடம் இங்கிலீஷில் கேட்டேன். உங்கள் மெக்கானிக் பெயர் என்ன, எத்தனை மணிக்கு வருவார், ஞாயிற்றுக்கிழமை வருவாரா? அவன் திகைத்தான். மெக்கானிக் வர மாட்டார் மேடம், போன் நம்பர் இருக்கிறது, கூப்பிட்டால் சொல்லித் தருவார்கள் என்றான். சாம்பிள் எடுத்துப் போய் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடலாமா என்று கேட்டேன். மெஷினுக்கெல்லாம் சாம்பிள் கிடையாது என்றான்.

"மெக்கானிக் இல்ல, சாம்பிள் இல்ல. எப்படி நம்பி வாங்கறது?" என்று தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். காரில் கீர்த்தி பின்சீட்டில் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

5

அப்போது எனக்குக் கைகொடுத்தது மருந்துதான். தீர்ந்துபோயிருந்தது. "மருந்தே இல்ல, மெஷின வெச்சு இன்னா பண்றது, மொதல்ல அது வரட்டும்" என்றேன். பாஸ்கர் ஆர்டர் போட்டார். பெரியவர்கள் யாராவது கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பார்சல் அது. பகலில் நாங்கள் இருவரும் வேலையில் இருப்போம். வந்தவர் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். மறுநாளும் ஒட்டினார். அதற்கு மறுநாளும் ஒட்டினார். நான் ஒவ்வொரு சீட்டையும் சந்தோஷமாகக் கிழித்து உள்ளே வைத்தேன்.

கடைசியில் டிப்போவுக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். வெடிமருந்து வாங்கப் போகிறோம் என்று நான் ஆயத்தமாகப் போனேன். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, வீட்டுப் பத்திரம், கரண்ட் பில், கல்யாணச் சான்றிதழ், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு. ஊரில் ஒரு வருமானச் சான்றிதழுக்கே இவ்வளவும் கேட்பார்கள் என்றால் இது துப்பாக்கி மருந்து. எவ்வளவு நேரம் இழுக்கும், எத்தனை தடவை நடக்க விடுவார்கள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

கவுண்டரில் இருந்த அம்மா டிரைவிங் லைசென்ஸைப் பார்த்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். பார்சலைத் தள்ளினார். நல்ல நாளாக அமையட்டும் என்றார்.

"ஜெராக்ஸ் வேணாமா?" என்று கேட்டேன்.

வேண்டாம் என்றார். போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒரு பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்க அமெரிக்க அரசாங்கம் எனக்கு ஒரு ஒத்தாசையும் செய்யவில்லை.

6

அடுத்த ஞாயிறு, பழைய பிரஸ்ஸில் மூவரும் வேலையாக இருக்கும்போது ஷாஹிதா வீடியோவில் கூப்பிட்டாள். என் லைனில் நூல் வெட்டிக்கொண்டிருந்தவள். இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள், புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாள். போனை மருந்து டப்பாவுக்குத் தள்ளி, தூரத்தில் சாய்த்து வைத்துவிட்டு என் கவலையைச் சொன்னேன். மூன்று மெஷின், மூன்றிலும் கோளாறு.

"இன்னா கோளாறு?"

"ஒண்ணு கையால திருப்பணும். ஒண்ணு ஒயரம். ஒண்ணுக்கு மெக்கானிக் இல்ல."

ஷாஹிதா சிரிக்க ஆரம்பித்தாள். துப்பட்டா முனையை வாயில் வைத்து அடக்கியும் அடங்கவில்லை.

"ஏண்டி சிரிக்கற?"

"நூல் வெட்ற மெஷின் வந்துச்சே, நெனவிருக்கா? தைக்கறப்பவே அதுவே நூல வெட்டிடும்னு. சத்தம் ஜாஸ்தின்னு சொல்லி திருப்பி அனுப்ச்ச. அப்பறம் ஊசி ஒடையுதுன்ன. அப்பறம் நெறமே சரியில்லன்னியே."

"நெறம் சரியில்லன்னு நான் சொல்லல."

"சொன்ன. மேனேஜர் தலைல அடிச்சிக்கினாரு. அது வந்தா எனக்கு வேல போய்டும்னுதான அத்தினியும் பண்ண? அது எனக்காக. இப்ப யாருக்காகடி இந்த டிராமா?"

பாஸ்கர் திடீரென்று ஒரு கூட்டை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். கீர்த்தி காதில் பாட்டோடு குனிந்தபடி பிரைமர் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஷாஹிதா விடவில்லை, பாஸ்கரையும் இழுத்தாள். "என் நிக்காவுக்கு லீவு போட்டப்ப கட்டர லைட்டுல மாட்டிட்டுப் போனேன். அண்ணே, நான் திரும்பி வர்ற வரிக்கும் அந்த ஸ்டூல்ல எவளயும் உக்கார வுடல ஒங்க பொண்டாட்டி. சூப்பர்வைசரே எறங்கி வந்து நூல் வெட்டுனா."

எங்கள் லைனில் அது ஒரு வழக்கம். நூல் வெட்டும் சின்னக் கட்டர் ஒவ்வொருத்தியிடமும் சொந்தமாக இருக்கும். வேலையை விட்டு நிற்கிறவள் அதைக் கையோடு எடுத்துப்போவாள். திரும்பி வரப்போகிறவள் தன் மெஷின் விளக்கில் மாட்டிவிட்டுப் போவாள். கட்டர் தொங்குகிற வரைக்கும் அந்த ஸ்டூல் காலி இல்லை. கம்பெனி சட்டத்தில் இது எங்கேயும் கிடையாது. இருந்தாலும் எந்த மேனேஜரும் மீறியதில்லை.

"கீர்த்தி, ஆன்ட்டிக்கு பை சொல்லு" என்றேன், பேச்சை முடிக்க.

அவள் காதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்து, கேமராவுக்குக் கையாட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

7

அன்று ராத்திரி ஐந்து ஸ்டேஷனை ஆர்டர் போட்டுவிடலாம் என்று நானே சொன்னேன். பாஸ்கர் நான் மனசு மாறுவதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்தார். பஸ்ஸர் வேண்டுமா என்று கேட்டது. வேண்டாம், என் கண் இருக்கிறது என்றேன். கேஸ் ஃபீடர் வேண்டுமா என்று கேட்டது.

"அது வேணும்" என்றார் பாஸ்கர்.

"வேணாம்."

"அது இல்லன்னா ஒவ்வொரு இழுப்புக்கும் கூட்ட கையால வைக்கணும், விஜி."

"வைக்கலாம்."

"யாரு வைப்பா?"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தைத் தொடாமல் ஆர்டரை அனுப்பிவிட்டார். நாட்றம்பள்ளிக்காரர்களிடம் பிடிவாதம் உண்டு. எப்போது அதை விட வேண்டும் என்பதும் தெரியும்.

மெஷின் வந்தது. பூட்டினோம். முதல் நாள் அது எங்களைக் கேவலப்படுத்தியது. பிரைமர் குப்புற விழுந்தது. மருந்து தட்டெல்லாம் சிந்தி, அதை அள்ளித் துடைத்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. பாஸ்கர் அடிபம்பில் தண்ணீர் அடிப்பதுபோல் கைப்பிடியை அடித்தார். "மெதுவா, மெதுவா, கெணறு வத்திடப் போவுது" என்று கத்தினேன். கீர்த்தி சிரித்து சிரித்து ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மெக்கானிக் இல்லாத மெஷினை வாங்க வேண்டாம் என்று சொன்னேனே என்று நான் சொல்லிக்காட்டியதை யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு எல்லாம் படிந்துவிட்டது. கீர்த்தி கூடு வைக்க, பாஸ்கர் இழுக்க, நான் டார்ச்சோடு மருந்தைப் பார்த்துப் பார்த்து விட, டக், டக் என்று விழுந்துகொண்டே இருந்தது. முன்பு சாயங்காலம் வரை இழுக்கிற வேலை, நான் போட்டு வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. டப்பா நிரம்பிவிட்டது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு தோழியைப் பற்றிக்கூடப் பேச ஆரம்பிக்கவில்லை.

"சூப்பர்ல?" என்றாள் கீர்த்தி.

"சூப்பர்" என்றேன்.

அவள் கை கழுவிவிட்டு மாடிக்குப் பெட்டி கட்டப் போனாள். நான் ஆறின டீயைக் குடித்தேன். ஒரு லைனை இவ்வளவு ஒழுங்காக ஓடவைத்துவிட்டு இவ்வளவு அழுகை வந்த சூப்பர்வைசர் ஆம்பூரில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கிளம்புவதற்கு முன்பு ஒருநாள் அவள் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, கேஸ் ஃபீடர் எங்க? ஏன் வாங்கல?"

"உங்கப்பாதான் வேணாம்னாரு. வெல ஜாஸ்தின்னு."

பாஸ்கர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். கீர்த்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

8

ஒரெகான் வரைக்கும் போய் அவளை விட்டுவிட்டு வந்தோம். விடுதி அறையில் கட்டிலுக்கு உறை மாட்டினேன், ஊறுகாய் பாட்டிலைப் பக்கத்து அறைப் பெண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்தேன். அவள் எங்களைக் கட்டிப்பிடித்தாள். பார்க்கிங்கில் நாங்கள் காரை எடுப்பதற்குள் உள்ளே யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். சிரிக்கத்தானே அனுப்பினோம் என்று பாஸ்கர் சொன்னார். சொல்லிவிட்டு நெடுநேரம் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

வந்த ஞாயிறு கராஜ் விளக்கைப் போட்டேன். பிரஸ்ஸுக்கு மேலே வளைந்து நிற்கிற சின்ன விளக்கின் கழுத்தில் கீர்த்தியின் பாதுகாப்புக் கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது. சுடும்போதும் வேலை செய்யும்போதும் கட்டாயம் போட வேண்டிய கண்ணாடி. காலேஜில் கிளப் இருக்கிறது, முதல் வாரமே சேரப்போவதாகச் சொல்லியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஊறுகாயை நான் கட்டிக் கொடுத்தேன், இதை அவள்தானே எடுத்து வைக்க வேண்டும்? எல்லாவற்றையும் நானே பார்க்க முடியுமா? உடனே போன் போட்டேன்.

"இன்னாடி பொண்ணு நீ? கண்ணாடிய இங்கயே மறந்துட்டுப் போய்ட்ட. நாளைக்கே பார்சல்ல அனுப்பறேன். அட்ரஸ் சொல்லு."

"மறக்கலம்மா."

"மறக்கலியா? இங்கதான் தொங்குது, விளக்குல."

"தெரியும். நான்தான் மாட்டினேன். எனக்கு இங்க வேற வாங்கிக்கிட்டேன்." அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "தாங்ஸ்கிவிங் லீவுக்கு வர்றேன். அத எடுக்காத."

போனை வைத்துவிட்டு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஷாஹிதா கட்டர் கதையைச் சொன்ன அன்றைக்கு அவள் காதில் பாட்டு ஓடவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பாஸ்கர் கூடுகள் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடு வைக்கவும் இழுக்கவும் இப்போது ஒரே ஆள்தான், நடுவில் உட்கார்ந்தால் இரண்டு கைக்கும் வசதி என்று சொல்லியபடி நடு ஸ்டூலை இழுத்தார்.

"அங்க உக்காராதீங்க" என்றேன். "ஆள் இருக்கு."